துடைக்கக் குச்சி இல்லாத துப்பாக்கி

சினிமாவில் கதாநாயகன் எத்தனை முறை சுட்டாலும் துப்பாக்கி சிக்கிக்கொள்வதே இல்லை. சேற்றில் புரள்வார், ஆற்றில் குதிப்பார், எழுந்து நின்று அதே துப்பாக்கியால் இருபது பேரைச் சுட்டுத் தள்ளுவார். சண்டை முடிந்த பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து, துப்பாக்கியைத் துண்டு துண்டாகக் கழற்றி, பழைய துணியும் எண்ணெயும் வைத்துக் கரியைத் துடைக்கும் காட்சியை எந்த டைரக்டரும் எடுப்பதில்லை. எடுத்தால் தியேட்டரில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள்!

ஆனால் நிஜப் படைவீரனின் நாளில் இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் போகிறது. ஒரு வல்லரசின் ராணுவம் இந்தச் சின்ன வேலையை அலட்சியப்படுத்தியதால் என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை. நாடு அமெரிக்கா, இடம் வியட்நாம், காலம் 1965 முதல் 1968 வரை, துப்பாக்கி எம்16.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். துப்பாக்கியை ஏன் துடைக்க வேண்டும்? சுடும்போது வெடிமருந்து முழுவதும் வாயுவாக மாறிப் போய்விடுவதில்லை. பழைய காலக் கறுப்பு வெடிமருந்தில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். நாலைந்து தடவை சுட்டாலே குழாய்க்குள் அடுப்புக்கரி மாதிரி ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா வெடிமருந்து வந்ததும் கரி குறைந்தது, ஆனால் வேறொரு தொல்லை இருந்தது. தோட்டாவின் அடியில் இருக்கும் பொறி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பைச் சேர்த்தார்கள். அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழாய்க்குள் படியும். நம் வீட்டுச் சமையல் உப்புக்குச் சொந்தக்காரன் மாதிரி. மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படிக் கசிகிறதோ, அப்படியே இதுவும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் பார்த்தால் குழாய் முழுக்கத் துரு. இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலத்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் குழாயில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். பிறகு பித்தளைக் குண்டு கட்டிய ஒரு கயிற்றைக் குழாய்க்குள் விட்டு, அதன் முனையில் துணித் துண்டைச் செருகி இழுப்பார்கள். அந்தக் கயிற்றுக்குப் பெயர் 'புல் த்ரூ'. அதையும் எண்ணெய்ப் புட்டியையும் துப்பாக்கியின் பின்கட்டையில் உள்ள பொந்திலேயே வைத்துக்கொள்ளலாம். என்.சி.சி.யில் இருந்து பாயிண்ட் 22 துப்பாக்கி சுட்டவர்களுக்கு இந்தப் புல் த்ரூ பழக்கமான பொருளாகவே இருக்கும். வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கங்களில் அதுவும் ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பொந்துதான். துப்பாக்கியைக் கொடுக்கும்போதே துடைக்கும் சாமானையும் அதன் வயிற்றுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ரஷ்யர்களும் அதையேதான் செய்தார்கள். ஏகே 47 துப்பாக்கியின் குழாய்க்கு அடியில் ஒரு இரும்புக் குச்சி செருகியிருக்கும். பின்கட்டையில் உள்ள பொந்தில் ஒரு சின்னக் குப்பி, அதற்குள் பிரஷ் முதலான சாமான்கள். அதோடு குழாயின் உட்புறம் முழுவதும் குரோமியம் முலாம். படிக்காத விவசாயி கையில் கொடுத்தாலும் ஓடும் என்று ஏகே 47-ஐப் பற்றிச் சொல்வார்கள். படிக்காத விவசாயியும் துடைக்க வேண்டியிருக்கும் என்று அதைச் செய்தவர்கள் யோசித்திருந்தார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம்.

1957-இல் அமெரிக்க ராணுவம் எம்14 என்ற துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. 7.62 மி.மீ. தோட்டா, நாலு கிலோவுக்கு மேல் எடை, மரக்கட்டை. நல்ல துப்பாக்கிதான், ஆனால் தானியங்கி முறையில் தொடர்ச்சியாகச் சுட்டால் தோளில் நிற்காது, வானத்தைப் பார்க்கும். அதே சமயம் கலிஃபோர்னியாவில் ஆர்மலைட் என்ற சின்னக் கம்பெனியில் யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் வேறு மாதிரி யோசித்தார். ஆர்மலைட் ஒரு விமானக் கம்பெனியின் கிளை. அதனால் மரத்துக்கும் இரும்புக்கும் பதிலாக விமானம் செய்யும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அவர் கைக்குத் தானாக வந்தன. அவருடைய ஏஆர் 10 என்ற துப்பாக்கியைச் சுருக்கி, 5.56 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றபடி ஏஆர் 15 உருவானது. எடை சுமார் 3 கிலோ. (ஏஆர் என்றால் ஆர்மலைட் ரைஃபிள். பலரும் நினைப்பதுபோல் அசால்ட் ரைஃபிள் அல்ல.)

5.56 மி.மீ. என்றால் அங்குலக் கணக்கில் ஏறக்குறைய பாயிண்ட் 22. அதாவது குழாயின் துளை என்.சி.சி. மாணவன் சுடும் துப்பாக்கியின் துளை அளவுதான். வித்தியாசம் தோட்டாவின் பின்னால் இருக்கும் மருந்தில். மூன்றரை கிராம் குண்டு, நொடிக்கு 990 மீட்டர் வேகம். தோட்டா சின்னதாக இருப்பதால் அதே எடையில் இரண்டு மடங்கு தோட்டாக்களைச் சுமக்கலாம். தோளில் உதைப்பும் குறைவு.

இந்தத் துப்பாக்கி தனக்குத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் விதத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும், பின்னால் வரும் கதைக்கு இதுதான் சாவி. குண்டு குழாயைக் கடந்து போகும்போது அதன் பின்னாலுள்ள வாயுவில் ஒரு சிறு பகுதி ஒரு துளை வழியாக மேலே ஏறும். பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்த வாயு முன்பக்கத்திலேயே ஒரு பிஸ்டனைத் தள்ளும். கரி அங்கேயே தங்கிவிடும். ஸ்டோனர் பிஸ்டன் தண்டை எடுத்துவிட்டு, மெல்லிய எஃகுக் குழல் ஒன்றின் வழியாக வாயுவை நேராகப் பின்னால் போல்ட் இருக்கும் இடத்துக்கே அனுப்பினார். பாகங்கள் குறைந்தன, எடை குறைந்தது. ஆனால் சூடான வாயுவும் அதோடு வரும் கரியும் துப்பாக்கியின் இதயத்துக்கே வந்து சேர்ந்தன. வெடிமருந்து சுத்தமாக எரிந்தால் பிரச்சினை இல்லை. ஸ்டோனர் தேர்ந்தெடுத்த மருந்து அப்படித்தான் எரிந்தது. அது டூபாண்ட் கம்பெனியின் ஐஎம்ஆர் என்ற, குச்சிகுச்சியான மருந்து.

ஆர்மலைட் 1959-இல் உரிமையைக் கோல்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டது. 1960-இல் ஒரு விருந்தில் விமானப்படைத் தளபதிகளில் ஒருவரான கர்டிஸ் லீமே இந்தத் துப்பாக்கியால் தர்பூசணிப் பழங்களைச் சுட்டுப் பார்த்து, பழம் சிதறிய அழகில் மயங்கிப்போனார் என்பது பிரபலமான கதை. விமானப்படை வாங்கியது. 1962-இல் ஆயிரம் துப்பாக்கிகள் தெற்கு வியட்நாம் படைகளுக்குச் சோதனைக்காக அனுப்பப்பட்டன. உடல்வாகில் சிறிய வியட்நாமிய வீரர்களுக்கு இந்த லேசான துப்பாக்கி கைக்கு அடக்கமாக இருந்தது. சோதனை அறிக்கைகள் ஓஹோவென்று புகழ்ந்தன.

தரைப்படையின் ஆயுதத் துறைக்கு மட்டும் மனசே இல்லை. எம்14 அவர்கள் வீட்டுப் பிள்ளை, இது வெளியிலிருந்து வந்த மருமகன். பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா விடவில்லை. 1963 நவம்பரில் தரைப்படைக்கு 85,000, விமானப்படைக்கு 19,000 என்று ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்க உத்தரவிட்டார். ஒரே ஒரு தடவை வாங்குவதோடு சரி, பிறகு வேறு புதிய துப்பாக்கி வந்துவிடும் என்பது அப்போதைய திட்டம். 'கொஞ்ச காலத்துக்குத்தானே' என்ற அந்த எண்ணமே பாதி நாசத்துக்குக் காரணம். நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகாத துப்பாக்கிக்குப் பயிற்சிக் கையேடு, உதிரிபாகம், துடைக்கும் குச்சி என்று யார் செலவழிப்பார்கள்?

1964-இல்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது. பெரிய அளவில் தோட்டா தயாரிக்க ஆரம்பித்தபோது, ராணுவம் கேட்ட வேகத்தையும் அழுத்த வரம்பையும் ஒருசேர ஐஎம்ஆர் மருந்தில் தொடர்ந்து கொண்டுவருவது சிரமம் என்று தயாரிப்பாளர்கள் கையை விரித்தார்கள். வேக வரம்பைக் கொஞ்சம் குறைத்திருந்தால் முடிந்திருக்கும். அதைவிட்டு மருந்தையே மாற்றினார்கள். ஓலின் மாத்தீசன் கம்பெனியின் உருண்டை மருந்து வந்தது. கடுகு மாதிரி உருண்டையான துகள்கள். மற்ற ராணுவத் தோட்டாக்களில் ஏற்கெனவே பயன்பட்டு வந்த மருந்துதான், அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆனால் இந்தத் துப்பாக்கியில் அது இரண்டு விதமாகக் கெடுத்தது. ஒன்று, வாயுத் துளையில் அழுத்தம் கூடியதால் துப்பாக்கி வடிவமைத்ததைவிட வேகமாக இயங்கியது. நிமிடத்துக்கு 850 சுற்றுக்குள் இருக்க வேண்டியது ஆயிரம் வரை போயிற்று. தோட்டாக்கூடு அறைக்குள் இன்னும் விரிந்து இறுக்கமாக இருக்கும்போதே போல்ட் அதைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. இரண்டு, மருந்து கெடாமலிருக்கச் சேர்த்த கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, அந்த மெல்லிய குழலுக்குள்ளும் போல்டிலும் படிந்தது.

ஸ்டோனரிடம் இதுபற்றிக் கருத்துக் கேட்ட விதம் ஒரு தனி நகைச்சுவை. பின்னால் நாடாளுமன்றக் குழு முன் அவரே சொன்னது. பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவர் மாற்றங்களைக் காட்டி அவர் கருத்தைக் கேட்கிறார். ஸ்டோனர் கூடாது என்கிறார். இனி என்ன நடக்கும் என்று கேட்டால், ஏற்கெனவே முடிவு செய்தாகிவிட்டது என்று பதில் வருகிறது. பிறகு ஏன் கேட்டீர்கள் என்றால், நீங்களும் சரியென்று சொல்லியிருந்தால் என் மனசு நிம்மதியாக இருந்திருக்கும் என்கிறார் அதிகாரி. இப்போது இரண்டு பேருக்கும் நிம்மதி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம் ஸ்டோனர். நம்மூர் அரசு அலுவலகக் கதை மாதிரியே இல்லை?

இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. தொழிற்சாலையில் புதுத் துப்பாக்கிகளை உருண்டை மருந்துத் தோட்டாவால் சோதித்தபோது இயங்கும் வேகம் வரம்பைத் தாண்டியது. துப்பாக்கிகள் தேறாது என்ற நிலைமை. அதற்கு ராணுவம் கண்டுபிடித்த தீர்வு: சோதனைக்கு மட்டும் பழைய மருந்துத் தோட்டாவைப் பயன்படுத்தலாம் என்று கோல்டுக்கு அனுமதி கொடுத்தது! ஆக, தொழிற்சாலையில் பழைய மருந்தில் சுட்டுப் பாஸாகும் துப்பாக்கி, வியட்நாமுக்குப் போய்ப் புது மருந்தில் சுடும். பரீட்சைக்கு ஒரு கேள்வித்தாள், வாழ்க்கைக்கு வேறொரு கேள்வித்தாள்.

குரோமியம் முலாம் விஷயம் இன்னொன்று. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் சண்டை போட்ட அமெரிக்கர்களுக்கு ஈரப்பதம் துப்பாக்கியை என்ன செய்யும் என்று நன்றாகவே தெரியும். அவர்களுடைய எம்14 குழாயில் முலாம் இருந்தது. எதிரியாக இருந்த ஜப்பானியர்கள்கூடத் தங்கள் டைப் 99 துப்பாக்கிக்கு முலாம் பூசியிருந்தார்கள். வெப்பமண்டலக் காட்டுக்கு அனுப்பப்பட்ட எம்16-க்கு மட்டும் குழாயிலும் இல்லை, தோட்டா அறையிலும் இல்லை.

இவ்வளவுக்கும் மேல், இந்தத் துப்பாக்கிக்கு அதிகம் துடைக்கத் தேவையில்லை என்றொரு பேச்சு. குறைந்த பராமரிப்பு போதும் என்பது அதன் விற்பனைச் சிறப்புகளில் ஒன்றாகவே இருந்தது. முகாமுக்கு முகாம் கைமாறியபோது அது 'தானே சுத்தம் செய்துகொள்ளும் துப்பாக்கி' என்று வளர்ந்துவிட்டது. எம்14-இல் பயிற்சி பெற்றுவிட்டு வியட்நாமில் இறங்கிய பிறகு எம்16-ஐ முதன்முதலாகக் கையில் வாங்கியவர்கள் பலர். குச்சி போதவில்லை. தோட்டா அறையைத் தேய்க்கும் பிரஷ் போதவில்லை. சரியான எண்ணெய் எது என்பதிலேயே குழப்பம். எம்14-இன் பிரஷ் இந்தச் சின்னத் துளைக்குள் நுழையாது. பின்கட்டையில் பொந்தும் இல்லை.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. 1965 நவம்பரில் இயா திராங் பள்ளத்தாக்குச் சண்டையில் 1-ஆம் குதிரைப்படை டிவிஷன் எம்16-உடன் போனது. நல்ல பயிற்சி பெற்ற படை. லெப்டினன்ட் கர்னல் ஹரால்டு மூர் துப்பாக்கியைப் பாராட்டினார். ஜெனரல் வெஸ்ட்மோர்லாண்ட் உடனே தன் படைகள் எல்லாவற்றுக்கும் எம்16 வேண்டும் என்று கேட்டார். ஒரு தடவை வாங்கும் திட்டம் அதோடு காற்றில் போனது. லட்சக்கணக்கில் துப்பாக்கிகள் கப்பல் ஏறின. குச்சிகள் ஏறவில்லை.

1966-இல் புகார்கள் வரத் தொடங்கின. எல்லாம் ஒரே மாதிரி. சுட்டபின் காலிக்கூடு வெளியே வருவதில்லை. ஈரத்தில் துருப்பிடித்துச் சொரசொரப்பான தோட்டா அறை கூட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது. போல்டின் கொக்கி கூட்டின் விளிம்பை மட்டும் பிய்த்துக்கொண்டு வருகிறது. கூடு உள்ளேயே. இப்போது அடுத்த தோட்டா போக வழியில்லை. விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இதற்கு ஒரே வைத்தியம், துப்பாக்கியின் வாய்ப்பக்கமிருந்து ஒரு நீளமான குச்சியை விட்டு, சிக்கிய கூட்டைப் பின்னால் தட்டி வெளியே தள்ளுவது. அதாவது துடைக்கும் குச்சி வெறும் துடைக்கும் குச்சியாக இல்லாமல் போய்விட்டது. அது இருந்தால் துப்பாக்கி, இல்லையென்றால் மூன்று கிலோ உலோகம். ஒரு குழுவில் ஒரே குச்சி இருக்கும், சண்டைக்கு நடுவில் அதைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொள்வார்கள். கிடைத்தவர்கள் அதைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டார்கள். நெப்போலியன் காலத்து வீரன் குழாய்க்கடியில் குச்சி வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனான். அணுகுண்டு யுகத்து வீரனும் அதே நிலைமைக்கு வந்து சேர்ந்தான். வித்தியாசம், நெப்போலியனின் வீரனுக்கு அந்தக் குச்சியை அரசாங்கம் கொடுத்தது.

பையன்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அம்மா, கடையில் பாயிண்ட் 22 துப்பாக்கிக்கான குச்சியும் எண்ணெயும் வாங்கி அனுப்பு என்று. துளை அளவு ஒன்றே என்பதால் முயல் வேட்டைக்கு விற்கும் குச்சி எம்16-க்கும் பொருந்தியது. உலகத்தின் பணக்கார ராணுவத்துக்கு அம்மாக்கள் பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

1967 வசந்தத்தில் மரைன் படைப்பிரிவுகள் எம்14-ஐக் கொடுத்துவிட்டு எம்16 வாங்கிக்கொண்டன. சில வாரங்களிலேயே, ஏப்ரல் 24 முதல் மே 11 வரை, கே சான் பக்கத்தில் 861, 881 என்று எண்ணிட்ட குன்றுகளில் கடும் சண்டை. 155 மரைன் வீரர்கள் இறந்தார்கள், 425 பேர் காயமடைந்தார்கள். பதுங்கு குழிகளில் ஊன்றி நின்ற வடவியட்நாம் படையே அதற்கு முதல் காரணம். எல்லாச் சாவையும் துப்பாக்கியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அங்கிருந்து தப்பிய ஒரு மரைன் வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம் நியூஜெர்சிப் பத்திரிகை ஒன்றில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. எங்களைக் கொன்றது எங்கள் துப்பாக்கிதான், இறந்து கிடந்தவர்கள் பக்கத்தில் அவர்கள் சரிசெய்ய முயன்று பிரித்துப்போட்ட துப்பாக்கிகள் கிடந்தன என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். ஜேம்ஸ் ஹோவர்டு என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அதைச் சபைக்குக் கொண்டுபோனார்.

பிரித்துப்போட்ட துப்பாக்கி. அந்த நிலைமையில் ஒருவன் என்ன செய்துகொண்டிருந்திருப்பான் என்று புரிய வேண்டுமானால், எம்16-ஐப் பிரிப்பது எப்படி என்று தெரிய வேண்டும். அமைதியான இடத்தில் அது மிக எளிது, அதில் ஸ்டோனரைப் பாராட்டத்தான் வேண்டும். முதலில் மேகசினைக் கழற்றி, போல்டை இழுத்து, தோட்டா அறை காலியா என்று பார்க்க வேண்டும். இதை மறந்தவர்கள் எல்லா ராணுவத்திலும் உண்டு. பின்பக்கத்து ஊசியைத் தள்ள ஒரு தோட்டாவின் முனை போதும், வேறு கருவி வேண்டாம். மேல்பாகமும் கீழ்பாகமும் வாய் பிளப்பதுபோல் திறக்கும். கைப்பிடியை இழுத்தால் போல்ட் அதன் வண்டியோடு கையில் வந்துவிடும். பக்கவாட்டில் ஒரு சின்ன ஊக்கை எடுத்தால் சுடும் ஊசி உள்ளங்கையில் விழும். அடுத்து ஒரு தடித்த முளையைக் கால்வட்டம் திருப்பித் தூக்கினால் போல்ட் தனியாக வரும். ஒரு நிமிட வேலை. போல்டின் முகத்தில் ஏழு பற்கள், அவற்றின் இடுக்கெல்லாம் கரி. வால்பக்கம் மூன்று மெல்லிய வளையங்கள், அவற்றைச் சுற்றியும் கரி. குழாயைத் தோட்டா அறைப் பக்கமிருந்து பிரஷ் விட்டுத் தேய்த்து, துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். தோட்டா அறை குழாயைவிட அகலம், அதற்குத் தனி பிரஷ். வாயுக் குழல் வாய்க்குப் புகைக்குழாய் துடைக்கும் பஞ்சுக்கம்பி. பிறகு மேகசினைப் பிரித்து, தோட்டா ஒவ்வொன்றாகத் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி முடிக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது அந்தத் தடித்த முளையை மறந்துவிட்டால் போல்ட் பூட்டாமலே துப்பாக்கி வெடிக்கும், முகத்தில்தான்.

இன்னொரு சங்கடம் துளையின் சிறுமை. மெல்லிய ஸ்ட்ராவில் தண்ணீர் நிற்பதுபோல 5.56 மி.மீ. குழாயிலும் மழைத்தண்ணீர் நின்றுவிடும். அப்படியே சுட்டால் குழாய் வெடிக்கலாம். ஆற்றைக் கடந்தால் போல்டைக் கொஞ்சம் இழுத்துக் காற்று விட்டு, வாயைக் கீழே கவிழ்த்து வடிக்க வேண்டும். இதெல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும்.

அப்போது மேலிடத்தில் சொல்லப்பட்ட விளக்கம் ஒன்றுதான்: வீரர்கள் துப்பாக்கியைச் சரியாகத் துடைப்பதில்லை. தளபதிகள் பத்திரிகையாளர்களைக் கூட்டி எம்16-ஐப் புகழ்ந்தார்கள். இதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1966-இன் இறுதியில் வியட்நாம் போன தொழில்நுட்பக் குழுவினர் அங்கே துப்பாக்கிகள் இருந்த கோலத்தைப் பார்த்து அதிர்ந்தார்கள். துடைத்த துப்பாக்கிகள் துடைக்காதவற்றைவிடச் சிக்கல் குறைவாகவே ஓடின. ஆனால் பாதி உண்மை என்பது சில சமயம் முழுப் பொய்யைவிடக் கேவலமானது. துடைக்க வேண்டாம் என்ற பேச்சைப் பரவவிட்டு, குச்சியைக் கொடுக்காமல், கரி விழும் மருந்தைத் தோட்டாவில் போட்டு, முலாமையும் பூசாமல் அனுப்பிவிட்டு, சிக்கிக்கொண்டதும் பத்தொன்பது வயதுப் பையனைப் பார்த்து 'நீ சோம்பேறி' என்றால்?

ரிச்சர்டு இகார்டு என்ற மிசௌரி உறுப்பினர் தலைமையில் 1967 மே மாதம் நாடாளுமன்றத் துணைக்குழு அமைந்தது. சாட்சிகளை விசாரித்தார்கள், வியட்நாமுக்கே போய் வீரர்களிடம் பேசினார்கள். அக்டோபரில் வந்த அறிக்கை வழவழா கொழகொழா இல்லை. சிக்கலுக்குப் பெரிய காரணம் மருந்து மாற்றம் என்றது. குறை தெரிந்தும் சரிசெய்யாமல் விட்ட அதிகாரிகளின் செயல் குற்றத்துக்கு ஒப்பான அலட்சியத்தின் எல்லையைத் தொடுகிறது என்று எழுதியது. பயிற்சியும் துடைக்கும் சாமானும் போதாததையும் சுட்டிக்காட்டியது.

திருத்தங்கள் அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தன. துப்பாக்கியின் வேகத்தைக் கட்டுப்படுத்த எடை கூடிய புதிய தாங்கியை 1966-இன் இறுதியிலிருந்து பொருத்தினார்கள். 1967-இல் தோட்டா அறைக்கு முலாம் வந்தது, குழாய் முழுவதற்கும் வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. உருண்டை மருந்தை விடவில்லை, ஆனால் அதிலிருந்த சுண்ணாம்பின் அளவைக் குறைத்தார்கள். கப்பல் கப்பலாகக் குச்சிகளும் பிரஷ்களும் எண்ணெயும் போயின.

கற்றுக்கொடுக்கும் வேலைக்கு ராணுவம் பிடித்த ஆள் யார் தெரியுமா? ஒரு காமிக்ஸ் ஓவியர்! வில் ஐஸ்னர், 'தி ஸ்பிரிட்' என்ற முகமூடி நாயகனை 1940-இல் படைத்தவர். இரண்டாம் உலகப் போரிலேயே ராணுவத்துக்காகப் பராமரிப்புப் படக்கதைகள் வரைந்தவர், 1951 முதல் 'பிஎஸ்' என்ற ராணுவப் பராமரிப்பு மாத இதழுக்கு வரைந்துவந்தார். 1968-இல் அவர் வரைந்த 32 பக்கக் கையேடு எம்16ஏ1-ஐ இயக்குவது, பராமரிப்பது பற்றியது. கையடக்கப் புத்தகம், பளிச்சென்ற வண்ணம். துப்பாக்கி பேசுகிறது, அழகான பெண் ஒருத்தி பக்கத்துக்குப் பக்கம் வந்து எதை எப்படிக் கழற்றுவது, எங்கே எத்தனை சொட்டு எண்ணெய் என்று சொல்லிக்கொடுக்கிறாள். தலைப்புகளெல்லாம் இரட்டை அர்த்தம், இன்றைக்கு எந்த அரசுத் துறையும் அச்சிடத் துணியாது. பத்தொன்பது வயதுப் பையன்கள் கனத்த தொழில்நுட்பக் கையேட்டைப் புரட்ட மாட்டார்கள், இதைப் படிப்பார்கள் என்று ஐஸ்னருக்குத் தெரிந்திருந்தது. மூன்று நான்கு ஆண்டு முன்னால், முதல் துப்பாக்கிப் பெட்டியோடு இந்த 32 பக்கமும் ஒரு குச்சியும் போயிருந்தால் எத்தனை காசு ஆகியிருக்கும்?

எம்16 பிறகு நல்ல பெயர் எடுத்தது. அதன் பேரப்பிள்ளைகள் எம்4 என்ற பெயரில் அரை நூற்றாண்டு கடந்தும் பல நாட்டு வீரர்களின் தோளில் தொங்கின. ஸ்டோனரும் ஏகே 47-ஐ வடிவமைத்த கலாஷ்னிகோவும் 1990 மே மாதம் அமெரிக்காவில் முதன்முதலாகச் சந்தித்தார்கள். ஒருவர் துப்பாக்கியை மற்றவர் சுட்டுப் பார்த்தார்கள்.

1970-களின் தொடக்கத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்த எம்16ஏ1 துப்பாக்கிகளில் வெளியே தெரியாத ஒரு சின்ன மாற்றம் இருந்தது. பின்கட்டையின் அடியில் விரலால் நெம்பித் திறக்கும் ஒரு குட்டிக் கதவு. அதற்குள் ஒரு பொந்து. பொந்துக்குள் துண்டு துண்டாகப் பிரித்து வைத்த ஒரு குச்சி, இரண்டு பிரஷ், ஒரு எண்ணெய்ப் புட்டி.